அம்பு பாயும் தூரம்

இரவு இரண்டே கால் மணி இருக்கும். மகன் பிறந்து முப்பத்தாறாவது நாள். ஒரு மணி நேரமாக வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பால் குடிக்கவில்லை. துணி நனையவில்லை. தோளில் போட்டுத் தட்டியும், வயிற்றில் பெருங்காயம் பற்றுப் போட்டும் அடங்கவில்லை. பக்கத்து அறையில் மாமாவும் அத்தையும் நல்ல உறக்கத்தில். நாலரை வயது மகள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, விழித்திருப்பதை நான் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுபோல அசையாமல் கிடந்தாள். அப்போது என் கைகள் பிள்ளையை இறுக்குவதைப் பார்த்தேன். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல இருந்தது.

அவனைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டுப் புறவாசல் கதவைத் திறந்து, துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துவிட்டேன். தூறிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் அழுகிறான், வெளியே நான் அழுகிறேன். பத்து நிமிடமோ பதினைந்தோ தெரியாது. திரும்பி வந்தபோது மகள் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவன் தூங்கிப்போயிருந்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைப் போட்டுவிட்டுப் போன தாய் என்ற பட்டத்தை எனக்கு நானே சூட்டிக்கொண்டு ஒன்பது நாள் நடமாடினேன்.

இது 2019 டிசம்பர். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சுவிசேஷபுரம், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று சுற்றிலும் அப்படித்தான். நான் பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். மாலை ஏழு மணிக்கு மணி அடித்ததும் குடும்ப ஜெபம், பத்து வயதுக்குள் வேதாகமத்துப் பாடல்களான சங்கீதங்களில் பதினைந்து மனப்பாடம் என்று வளர்ந்தவள். ஆகவே வசனம் தெரியாமல் நான் திண்டாடவில்லை. தெரிந்திருந்ததுதான் அந்த நாட்களில் பாரமாக இருந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் கொடுத்த வாழ்த்து அட்டைகளில் நான்கில் ஒரே வசனம், சங்கீதம் 127: பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம், அதாவது பரம்பரைச் சொத்து. சுதந்தரம் கையில் கிடந்து கத்துகிறது, எனக்கோ அதன்மேல் ஒரு உணர்ச்சியும் வரவில்லையே, நான் என்ன பிறவி என்று நினைத்துக்கொண்டு அட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன்.

இன்னொன்று, நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீ. கல்யாண ஆராதனையிலும் பெண்கள் பண்டிகையிலும் இந்த அம்மாளைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவப் பெண் எங்கள் பக்கம் இருக்க முடியாது. இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுப்பாள், நிலம் வாங்குவாள், நூல் நூற்பாள், அவள் விளக்கு இரவிலும் அணையாது. என் விளக்கும்தான் இரவில் அணையவில்லை. ஆனால் அதே 15-ஆம் வசனத்தின் கடைசியில் ‘தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்’ என்று இருக்கிறது. வேலைக்காரிகள், பன்மையில்! இந்த ஒரு வரியை நிறுத்திப் படித்த பிரசங்கியாரை நான் இதுவரை கண்டதில்லை.

முதல் பிரசவத்துக்கு அம்மா இருந்தார்கள். எண்ணெய்க் குளியல், பூண்டுக் குழம்பு, பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் என்னைத் தூங்கவிடுவது என்று எல்லாம் தானாக நடந்தது. அதை உதவி என்றுகூட அப்போது நான் எண்ணவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு முன்பே அம்மா போய்விட்டார்கள். அத்தைக்கு மூட்டு வலி. கணவருக்குத் தூத்துக்குடியில் உப்புக் கம்பெனிக் கணக்கு வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவார். எனக்குச் சிசேரியன். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று நான்கு நாள் நீல விளக்கின் அடியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது எங்களுக்குள் அறிமுகமே ஆகாததுபோல இருந்தது.

அந்த இரவுக்குப் பிறகு ஒன்பதாம் நாள் கீழத்தெருச் சித்தி வந்தார். உறவில் சித்தி இல்லை. அரசு மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊருக்கே சித்தி. கையில் தூக்குவாளி நிறைய உளுந்தங்களி. வந்தவர் பிள்ளையைப் பார்த்து ‘அப்பா சாயல்’ என்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “கடைசியாக எப்போது தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் தூங்கினாய்?” என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, சாப்பிடும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு என்னைப் படுக்கச் சொன்னார். ஜெபம் பண்ணட்டுமா என்று நான்தான் கேட்டேன். “அதை நான் பண்ணிக்கொள்கிறேன், நீ தூங்கு” என்றார்.

நான்கு மணி நேரம் கழித்து விழித்ததும் துவைகல் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே சுளிக்கிறது என்று. சுளிக்கவில்லை. வேதாகமத்தை எடுத்துவரச் சொல்லி ஆதியாகமம் 21-ஐப் படிக்கச் சொன்னார். ஆபிரகாமின் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஆகார், பெயெர்செபா வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோனதும் பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, அது சாகிறதைப் பார்க்கமாட்டேன் என்று அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து சத்தமிட்டு அழுகிறாள். நூறு தடவை கேட்ட கதை. ஞாயிறு பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்த கதை. ஆனால் அவள் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு நடந்து போனாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

“வானத்திலிருந்து சத்தம் வந்ததே, என்ன கேட்டது பார்த்தாயா? ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்றா?” என்றார் சித்தி. இல்லை. ‘ஆகாரே, உனக்கு என்ன சம்பவித்தது?’ என்றுதான். அத்தனை நாளும் வந்தவர் போனவர் எல்லாரும் பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்களே தவிர, உனக்கு என்ன என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாளாகக் கல்லாக இருந்தவள் அன்று வாய்விட்டு அழுதேன்.

சித்தி அதோடு விடவில்லை. நர்ஸ் அல்லவா. “நீ அன்றிரவு செய்தது சரியான காரியம். கை இறுகும்போது பிள்ளையைக் கையில் வைத்திருப்பதுதான் ஆபத்து” என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை இப்போது நானும் எல்லா இளம் தாய்மாரிடமும் சொல்கிறேன். பால் கொடுத்தாயிற்று, காய்ச்சல் இல்லை, துணி காய்ந்திருக்கிறது, அப்படியும் அழுகிறது, உனக்குத் தலைக்குள் சூடு ஏறுகிறது என்றால், பிள்ளையைத் தலையணை, போர்வை எதுவும் முகத்தில் விழாதபடி தரையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் பத்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடு. முகம் கழுவு, தண்ணீர் குடி. பத்து நிமிடம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் ஒருமுறை பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனக்கு அந்தத் தூரத்துக்குப் பெயர் அம்பு பாயும் தூரம். விட்டு ஓடும் தூரம் அல்ல அது. அழுகை காதில் விழும் தூரம்.

அந்த அதிகாரத்தில் இன்னும் ஒரு வசனம் இருக்கிறது. தேவன் அவள் கண்களைத் திறந்தார், அவள் ஒரு தண்ணீர்த் துரவைக் கண்டாள். துரவு என்றால் எங்கள் தேரிக்காட்டு மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிணறு அங்கேயேதான் இருந்தது, புதிதாக ஒன்றும் தோண்டப்படவில்லை. அவளுக்குத்தான் தெரியவில்லை. “உன் துரவு திருநெல்வேலியில் இருக்கிறது, திங்கட்கிழமை போவோம்” என்றார் சித்தி. மனநல மருத்துவர் என்று தெரிந்ததும் அத்தை பயந்துபோனார்கள். கணவர் போனில், ஊர் என்ன சொல்லும் என்று இழுத்தார். சபையில் ஒரு அக்கா, உபவாசம் இருந்து ஜெபித்தால் போதும், மருந்து எடுப்பது அவிசுவாசம் என்றே சொல்லிவிட்டார். அதே அக்கா சர்க்கரைக்குக் காலையும் மாலையும் மாத்திரை போடுகிறவர். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு அப்போது தெம்பில்லை.

மருத்துவர் ஒரு பெண். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். 1987-இல் எடின்பரோவில் உருவாக்கிய கேள்விகள், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்றார். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாயா என்பதுபோலக் கேள்விகள். கடைசிக் கேள்வி, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. தைராய்டும் பார்த்தார்கள், ஏனென்றால் பிரசவத்துக்குப் பின் அது தடுமாறினாலும் இப்படிச் சோர்வு வரும். பேறு முடிந்த முதல் வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, அது தானாக அடங்கும், இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் அது வேறு, அதற்கு வைத்தியம் வேண்டும் என்று சொன்னார். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதினார். அவராகவே ஒன்று சொன்னார்: காதில் யாரோ பேசுவதுபோலக் கேட்டாலோ, உன்னையோ பிள்ளையையோ முடித்துவிடலாம் என்று தோன்றினாலோ, அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே வா. இப்போது 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அப்போது அது கிடையாது.

மாத்திரை போட்டவுடன் மறுநாள் வானம் திறந்துவிடவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் பிள்ளை கொட்டாவி விட்டான், நான் சிரித்தேன். அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது என்பதுவரை நினைவிருக்கிறது.

பிறகு எலியா தீர்க்கதரிசியின் கதையை மறுபடியும் படித்தேன், 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிற மனுஷன். தூதன் வந்து அவனை எழுப்பி விசுவாசத்தைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடி தூங்குகிறான். திரும்பவும் எழுப்பி, திரும்பவும் சாப்பாடு. பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான். உளுந்தங்களியோடு வந்த சித்திக்கு இந்த வரிசை தெரிந்திருந்தது.

நான் தேறி வரும்போது 2020 மார்ச் வந்தது. ஊரடங்கு. கோயில் பூட்டு. (எங்கள் பக்கம் ஆலயத்தைக் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வோம்.) பெரிய வெள்ளி ஏப்ரல் 10, ஈஸ்டர் 12. பிறந்ததிலிருந்து அதிகாலை ஆராதனைக்குப் போகாத ஈஸ்டர் அதுதான் எனக்கு. கணவரும் வீட்டில், சம்பளம் பாதி. ஆனால் அந்த மாதங்கள் எங்களுக்கு வேறொரு வகையில் நன்மை செய்தன. அத்தான் முதல்முறையாகப் பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்தார். மூன்றாம் நாளே, “இதையா தனியாகச் செய்தாய்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரவு முதல் அழுகை என்னுடையது, இரண்டாவது அவருடையது என்று முறை வைத்தோம். ஜெபத்தைவிட இந்த ஏற்பாடு பெரிது என்று சொல்ல மாட்டேன். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் ஜெபிக்கவே எனக்கு மூச்சு கிடைத்தது.

வேத வாசிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல தாய்மார் வீணாகக் குற்ற உணர்வில் விழுகிறார்கள். ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை ஒன்று என்னிடம் இருந்தது. மொத்தம் 1189 அதிகாரம், நாளுக்கு மூன்று சில்லறை. லேவியராகமத்தில் நின்று, பன்னிரண்டு நாள் பாக்கி சேர்ந்து, பிறகு அந்தத் தாளைப் பார்த்தாலே பால்காரர் கடன் நோட்டைப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. அதைக் கிழித்துப் போட்டேன். காலண்டர் தாளின் பின்புறத்தில் ஒரே ஒரு வசனத்தை எழுதி, அடுப்புக்கு மேலே கண் படும் உயரத்தில் ஒட்டினேன். மனதில் ஒட்டும்வரை அதுவே இருக்கும், ஒரு வாரமோ ஒரு மாதமோ. முதலில் ஒட்டியது ஏசாயா 40:11, ‘கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்’. கறவலாடு என்றால் பால் கொடுக்கும் ஆடு. கிடை ஆடு மேய்க்கிறவர்களைப் பார்த்தால் தெரியும், குட்டி போட்ட ஆட்டை மந்தையின் வேகத்துக்கு விரட்ட மாட்டார்கள், மந்தைதான் நிற்க வேண்டும். ஆறு வாரம் அந்தத் தாள் எண்ணெய்ப் பிசுக்கேறித் தொங்கியது.

ஜெபமும் அப்படித்தான். முழங்கால் போட நேரமில்லாதபோது வேலையோடு கட்டினேன். துணி மடிக்கும்போது யார் துணியோ அவருக்காக ஒரு வரி. நாத்தனார் பிள்ளையின் பழைய சட்டை வந்தால் நாத்தனாருக்கும் ஒரு வரி, மனமில்லாவிட்டாலும். ஒன்றுமே வராத நாளில் சங்கீதம் 88-ஐச் சத்தமாகப் படிப்பேன். நூற்றைம்பது சங்கீதங்களில் புலம்பல் நிறைய உண்டு, ஆனால் மற்றவை பெரும்பாலும் கடைசியிலாவது துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருட்டிலேயே முடியும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பது அன்றைக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

தேறிய பிறகு செய்ய வேண்டியிருந்த கடினமான காரியம் மகளிடம் பேசியது. அந்த மாதங்களில் என் எரிச்சல் முழுவதும் அவள்மேல்தான் விழுந்தது. ஒருமுறை பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு முதுகில் அடித்திருந்தேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பெற்றோர் ஜெபிப்பார்கள், பிள்ளைகள் மன்னிப்புக் கேட்பார்கள், அதுதான் முறை. திருவிருந்துக்கு முன்னால் பாவ அறிக்கை சொல்கிறோம், யாரிடம் பாவம் செய்தோமோ அந்த ஆள் பக்கத்து இருக்கையில் கவுனை நீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் தலை பின்னும்போது சொன்னேன்: அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, ஆனாலும் அடித்தது தப்பு, மன்னித்துவிடு. அவள் திரும்பிப் பார்க்காமலே, “எந்த அடி?” என்று கேட்டாள். ஒன்றுக்குமேல் இருந்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். ரிப்பன் கட்டி முடிக்கும்வரை அது நடந்தது.

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது. சேலைக் கரை, காணிக்கைக் கணக்கு, பண்டிகைப் பலகாரம் என்று அது ஒரு உலகம். கிண்டல் செய்யவில்லை, அசனத்துக்கு ஊருக்கே சோறு போடுகிறவர்கள் அவர்கள். ஆனால் கைப்பிள்ளைக்காரி பேசுவதற்கு அங்கே இடமில்லை. இங்கிலாந்தில் ஒரு குருவானவரின் மனைவியான மேரி சம்னர் 1876-இல் தாய்மார் சங்கத்தைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்தது வேறு. தன் மகள் பிள்ளை பெற்றபோது, தான் முதல் பிள்ளையோடு தவித்த தவிப்பு நினைவுக்கு வந்துதான் அதைத் தொடங்கினார். ஊர்ப் பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, பேசப் பயந்து, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம். இதை ஐயரம்மா சொன்னபோது எனக்குத் தைரியம் வந்தது. இப்போது வியாழக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் ஐந்தாறு பேர் கூடுகிறோம், பிள்ளைகளோடு. ஒரு சங்கீதம், பிறகு பேச்சு. புத்தி சொல்லக் கூடாது என்பது ஒரே விதி. முதல் வாரமே அதை மீறியது நான்தான்.

சித்தி இரண்டு வருடத்துக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய தூக்குவாளி என்னிடமே தங்கிவிட்டது. மூடியில் ஒரு நசுங்கல். போன மாதம் அதில் களி எடுத்துக்கொண்டு, மூன்று வாரம் கோயிலுக்கு வராத ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பிறந்து இருபத்தைந்து நாள் ஆன பிள்ளை. அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. தலை வாரியிருக்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் படு என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். வசனம் ஏதும் எடுத்துப்போகவில்லை.

மூன்று மணிக்குமேல் எழுந்து வந்தாள். நின்றபடியே வாளியைத் திறந்து ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தாள்.

“அக்கா, கருப்பட்டி எவ்வளவு போட்டீர்கள்?”

கால் கிலோ மாவுக்கு முந்நூறு கிராம் என்றேன்.

“கொஞ்சம் கூடிவிட்டது” என்று சொல்லிவிட்டு, தட்டை எடுக்க உள்ளே போனாள்.